பழைய மெட்டும் புதிய சொல்லும்: அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர்களும் எதிர்ப்புப் பாட்டும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

கவியரங்க மேடைகளில் எதிர்ப்புக் கவிதைக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. அநீதியைச் சாடும் அடிகளுக்குக் கைதட்டலும் குறைவதில்லை. ஆயினும் அரங்கம் கலைந்தபின் அவ்வடிகள் எங்கே போகின்றன? ஆலை வாயிலில் மறியல் செய்வோர் அவற்றைப் பாடுவதில்லை. ஊர்வலத்தில் நடப்போர் வாயில் அவை ஏறுவதில்லை. தாளில் நெருப்பாக இருக்கும் ஒரு சொல் தெருவில் இறங்கியதும் ஈர விறகாகிவிடுகிறது. அதே வேளையில், எழுத்துப் பயிற்சி அதிகமில்லாத ஒரு சுரங்கத் தொழிலாளியின் மனைவி எழுதிய பாட்டொன்று தொண்ணூறு ஆண்டுகளுக்குமேல் வாய்விட்டு வாய் மாறி வாழ்கிறது. இந்த வேறுபாடு எதனால் வந்தது என்பதே இவ்வுரை எடுத்துக்கொண்ட பொருள்.

இதற்குச் சான்றாக அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இருபதாம் நூற்றாண்டு நாட்டுப்புறப் பாடகர் மரபைக் கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. நாட்டுப்புறப் பாட்டு பிறந்த நாளோ பிறப்பித்தவர் பெயரோ பெரும்பாலும் தெரிவதில்லை. அமெரிக்கத் தொழிலாளர் இயக்கத்திலும் கறுப்பின மக்களின் உரிமை இயக்கத்திலும் தோன்றிய பாட்டுகள் பலவற்றுக்கோ எழுதிய கை, பாடிய வாய், மாற்றிய சொல், மாறிய ஆண்டு ஆகியவை பதிவாகியுள்ளன. ஒரு பாட்டு எவ்வாறு ஒருவரிடமிருந்து பிரிந்து பலருடையதாகிறது என்பதைக் கண்ணெதிரே காண இயலும் அரிய இடம் அது.

1. எதிரியின் பக்கவாத்தியம்

1905-ஆம் ஆண்டு சிகாகோ நகரில் ‘உலகத் தொழில்துறைத் தொழிலாளர்’ என்னும் சங்கம் தோன்றியது. மரம் வெட்டுவோர், அறுவடைக் கூலிகள், சுரங்கத் தொழிலாளர், ஊர்விட்டு ஊர் அலையும் நாடோடிக் கூலிகள் ஆகியோரை நிறம், மொழி, நாடு என்னும் பேதமின்றி ஒரே சங்கத்தில் சேர்ப்பது அதன் நோக்கம். நாட்டின் மேற்குப் பகுதியிலுள்ள ஸ்போகேன் நகரில் அதன் பேச்சாளர்கள் தெருமுனையில் நின்று பேசுவார்கள். பேச்சு சூடுபிடிக்கும் நேரத்தில் இரட்சணிய சேனையின் பேண்டு வாத்தியக்குழு அங்கே வந்து ஞானப்பாட்டுகளை முழக்கிப் பேச்சை மூழ்கடித்துவிடும். பேச்சாளர்கள் வாத்தியத்தோடு மல்லுக்கு நிற்கவில்லை. அந்த ஞானப்பாட்டுகளின் மெட்டிலேயே தங்கள் சொற்களை வைத்துப் பாடத் தொடங்கினார்கள். அவர்களை அடக்க வந்த பேண்டு அவர்களுக்கே பக்கவாத்தியம் ஆகிவிட்டது.

1909-இல் அச்சங்கம் சட்டைப் பையில் அடங்கும் சிவப்பு அட்டைப் பாட்டுப் புத்தகம் ஒன்றை வெளியிட்டது. அதன்வழிப் புகழ் பெற்றவர்களுள் தலையாயவர் ஜோ ஹில். 1879-இல் ஸ்வீடன் நாட்டின் யெவ்லே நகரில் பிறந்து, 1902-இல் அமெரிக்காவுக்குக் கூலி வேலை தேடி வந்தவர். ‘போதகரும் அடிமையும்’ என்னும் அவருடைய பாட்டு 1911-இல் அச்சேறியது. மறுமையில் கிடைக்கப்போகும் இன்பத்தைக் காட்டி இம்மையின் பசியை மறக்கச் சொல்வோரை எள்ளும் பாட்டு அது. அதற்கு அவர் எடுத்துக்கொண்டதோ மறுமை இன்பத்தைப் போற்றும் புகழ்பெற்ற ஞானப்பாட்டொன்றின் மெட்டையே. அதில் வந்த ஒரு கிண்டற் சொற்றொடர் ஆங்கில மொழியில் பழமொழிபோல் நிலைத்துவிட்டது. கருங்காலித் தொழிலாளியைப் பற்றிய அவருடைய மற்றொரு பாட்டும் ஊரறிந்த ரயில் ஓட்டுநர் கதைப்பாட்டின் மெட்டில் அமைந்ததே.

தமிழில் முற்காலத்துச் சில்லறைப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டியவர்களுக்கு இம்முறை புதிதன்று. பாட்டின் தலைப்பில் ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்று அச்சிட்டிருக்கும் ஒற்றை வரி, படிப்பவனைப் பாடுபவனாக்கும் திறவுகோல். ஜோ ஹில் செய்ததும் அதுவே. மெட்டு முன்னரே தெரிந்திருப்பதால் பாட்டைக் கற்பிக்க வேண்டியதில்லை. சொல்லை மட்டும் கொடுத்தால் போதும். மேலும், பழைய மெட்டு தன் பழைய பொருளையும் உடன் கொண்டுவருகிறது. பக்தி மணக்கும் மெட்டில் பசியின் ஏளனம் ஒலிக்கும்போது, கேட்பவன் உள்ளத்தில் இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. இந்த மோதலைச் சொல் தனித்து உண்டாக்க இயலாது. மெட்டும் தனித்து உண்டாக்க இயலாது.

துண்டறிக்கை எத்துணை நன்றாயினும் ஒருமுறைக்குமேல் படிக்கப்படுவதில்லை, பாட்டோ மனப்பாடமாகித் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது என்னும் கருத்தை ஹில் சிறையிலிருந்து எழுதிய கடிதமொன்றில் குறிப்பிட்டுள்ளார். சால்ட் லேக் நகரில் 1914 ஜனவரியில் ஒரு மளிகைக் கடைக்காரரும் அவர் மகனும் கொல்லப்பட்ட வழக்கில் அவர் கைதானார். சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டே குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனே மறு ஆய்வு வேண்டிக் கேட்டும், 1915 நவம்பர் 19 அன்று ஹில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப்பின் ஆல்ஃப்ரெட் ஹேய்ஸ் எழுதிய கவிதைக்கு ஏர்ல் ராபின்சன் 1936-இல் இசை அமைத்தார். இறந்த ஹில் கனவில் வந்து பேசுவதாக அமைந்த அப்பாட்டைப் பால் ராப்சன் உலகெங்கும் பாடினார். பாட்டு எழுதியவன் தானே ஒரு பாட்டாகிவிட்ட வரலாறு இது.

2. நாட்காட்டித் தாளின் பின்புறம்

ஹில் அலைந்து திரிந்தவர். வீட்டை விட்டு அகலாத பெண்களிடமிருந்தும் இம்மரபுக்கு வலிமை வந்தது. 1929-இல் வட கரோலினா மாநிலத்தின் காஸ்டோனியா நகரில் லோரே பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வியக்கத்தில் பாட்டு எழுதிப் பாடியவர் எல்லா மே விக்கின்ஸ் என்னும் நூற்பாலைத் தொழிலாளி. ஒன்பது பிள்ளைகளைப் பெற்று நால்வரைக் கக்குவான் இருமலுக்குப் பறிகொடுத்தவர். நோயுற்ற பிள்ளைகளைக் கவனிக்க வேண்டி இரவு வேலையிலிருந்து பகல் வேலைக்கு மாற்றுமாறு கேட்டும் மறுக்கப்பட்டவர். மலைநாட்டுக் கதைப்பாட்டு மெட்டுகளில் அவர் வைத்த சொற்கள் ஒரு தாயின் அன்றாடக் கணக்கு. விடியுமுன் வீட்டை விட்டுப் போவதும், பிள்ளை அழுவதும், கூலியில் எதுவும் மிஞ்சாததுமே அவற்றின் பொருள். கொள்கைச் சொல் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. 1929 செப்டம்பர் 14 அன்று சங்கக் கூட்டத்துக்குச் சென்ற லாரியை வழிமறித்த கும்பல் அவரைச் சுட்டுக் கொன்றது. அப்போது அவருக்கு வயது 28. பட்டப்பகலில் நடந்த அக்கொலைக்கு எவரும் தண்டனை பெறவில்லை.

இரண்டாண்டுகள் கழித்துக் கென்டக்கி மாநிலத்தின் ஹார்லன் மாவட்ட நிலக்கரிச் சுரங்கங்களில் போராட்டம் மூண்டது. சங்க ஊழியரான சாம் ரீஸைத் தேடி ஷெரீபின் ஆட்கள் துப்பாக்கிகளோடு அவர் வீட்டுக்குள் புகுந்தார்கள். அவர் அங்கில்லை, மனைவி ஃபுளோரன்ஸும் பிள்ளைகளும் மட்டுமே இருந்தனர். அவர்கள் அகன்றபின் ஃபுளோரன்ஸ் ரீஸ் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியின் தாளைக் கிழித்து, அதன் பின்புறத்தில் ஒரு பாட்டை எழுதினார். தேவாலயத்தில் கேட்டுப் பழகிய பழைய மெட்டு. ‘நீ எந்தப் பக்கம்?’ என்பது அதன் தலைப்பு.

அத்தலைப்பின் இலக்கணம் கவிஞர்கள் நின்று நோக்கத் தக்கது. அது முழக்கமன்று, வினா. முழக்கம் கேட்பவனைத் தலையசைக்கச் செய்து விட்டுவிடும். வினா விடை கேட்கிறது. பல்லவியாகத் திரும்பத் திரும்ப வரும் வினா, பாடுபவனையே ஒவ்வொரு முறையும் விடை சொல்ல வைக்கிறது. நடுநிலை என்று ஒன்று அந்த மாவட்டத்தில் இல்லை என்னும் அரசியல் உண்மையை விளக்கவுரை ஏதுமின்றி அந்த வினாவே சொல்லிவிடுகிறது. இப்பாட்டில் ஷெரீபின் பெயரும் வெளிப்படையாக வருகிறது. பொதுவான ‘கொடியவர்’ என்பது அங்கில்லை. அந்த ஊரில் அனைவரும் அறிந்த ஓர் ஆளின் பெயர் இருக்கிறது.

இவ்வளவு குறிப்பாக எழுதப்பட்ட பாட்டு அந்த ஊரோடும் அந்த ஆண்டோடும் மடிந்திருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றும். நடந்தது வேறு. 1941-இல் ஆல்மனாக் பாடகர் குழு அதை இசைத்தட்டில் பதிந்தது. 1961-இல் தென் மாநிலச் சிறைகளில் அடைபட்ட உரிமை இயக்கத்தினர் ஷெரீபின் பெயரை எடுத்துவிட்டுத் தங்கள் ஊர் அதிகாரிகளின் பெயர்களைப் பொருத்திக்கொண்டனர். 1970-களில் அதே ஹார்லன் மாவட்டத்தில் மீண்டும் வேலைநிறுத்தம் நடந்தபோது, முதுமையடைந்த ஃபுளோரன்ஸ் ரீஸ் கூட்டத்தின்முன் எழுந்து நின்று பாடினார். பார்பரா கோப்பிள் இயக்கி 1976-இல் வெளிவந்த ஆவணப்படத்தில் அக்காட்சியைக் காணலாம். குறிப்பான பெயர் பாட்டின் குறை ஆகவில்லை; அதை எடுத்தால் இன்னொரு பெயர் அமரும் இருக்கையாகிவிட்டது. பொதுப்படையாக எழுதப்பட்ட பாட்டில் அத்தகைய இருக்கை அமைவதில்லை.

3. பெயரற்றோர் பெயர்

ஒக்லஹோமாவில் 1912-இல் பிறந்த ஊடி கத்ரி, புழுதிப் புயலாலும் கடனாலும் நிலமிழந்து கலிபோர்னியா நோக்கிப் பெயர்ந்த உழவர்களோடு தானும் பெயர்ந்தவர். 1940 பிப்ரவரியில் நியூயார்க் நகர விடுதியொன்றில் அவர் எழுதிய ‘இந்த நாடு உன் நாடு’ என்னும் பாட்டு, வானொலியில் இடைவிடாது ஒலித்த நாட்டு வாழ்த்துப் பாட்டொன்றுக்கு எதிர்மொழியாகப் பிறந்தது. நாட்டின் அழகைப் பாடும் கண்ணிகளோடு, தனியார் உடைமை என்ற தடைப்பலகையைப் பற்றியும், நிவாரண அலுவலக வாயிலில் பசித்து நிற்கும் வரிசையைப் பற்றியும் அதில் கண்ணிகள் இருந்தன. பள்ளிகளில் பரவியது அவ்விரு கண்ணிகளும் இல்லாத வடிவமே. எதிர்ப்புப் பாட்டைத் தடை செய்வதைவிட எளிய வழி ஒன்று உண்டு என்பதற்கு இது சான்று. கூர்முனையை மட்டும் மழுக்கிவிட்டுப் பாட்டைப் பாராட்டி வைத்துக்கொள்வதே அவ்வழி. 2009 ஜனவரி 18 அன்று, பராக் ஒபாமாவின் பதவியேற்பையொட்டி லிங்கன் நினைவகத்தின்முன் நடந்த விழாவில், 89 வயதான பீட் சீகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனோடு சேர்ந்து அதைப் பாடினார். விடுபட்ட கண்ணிகளையும் அவர் விடாமல் பாடியது அவையறிய நடந்த ஒரு மீட்பு.

கத்ரியின் மற்றொரு பாட்டு இன்னும் ஆழமாக எண்ணத்தக்கது. 1948 ஜனவரி 28 அன்று, மெக்சிகோ நாட்டுக் கூலிகளைத் திருப்பி அனுப்புவதற்காக ஏற்றிச் சென்ற விமானம் கலிபோர்னியாவின் லாஸ் கேட்டோஸ் பள்ளத்தாக்கில் விழுந்து எரிந்தது. 32 பேர் மாண்டனர். விமானப் பணியாளர், காவலர் ஆகிய நால்வரின் பெயர்கள் செய்தியில் வந்தன. எஞ்சிய 28 பேரும் ‘நாடு கடத்தப்படுவோர்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கப்பட்டனர். ஃபிரெஸ்னோ நகரக் கல்லறைத் தோட்டத்தில் ஒரே குழியில் அவர்கள் புதைக்கப்பட்டார்கள். பழம் பறித்து அந்நாட்டு மக்களை உண்ணச் செய்தவர்களுக்குப் பெயர்கூட இல்லையா என்ற வினாவே கத்ரியின் கவிதையாயிற்று. ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து மார்ட்டின் ஹாஃப்மன் என்னும் ஆசிரியர் அதற்கு மெட்டமைத்தார். பீட் சீகர் பாடினார். பிறகு பலரும் பாடினர்.

அப்பாட்டு ஒலித்த ஆண்டுகள் எல்லாம் அந்த வினாவுக்கு விடை இல்லை. பின்னர், டிம் ஹெர்னாண்டஸ் என்னும் எழுத்தாளர் ஆவணங்களையும் உறவினர்களையும் தேடிச் சென்று பெயர்களைத் திரட்டினார். 2013 செப்டம்பரில், விபத்து நடந்து 65 ஆண்டுகள் கழித்து, அக்கல்லறையின்மேல் 28 பெயர்களும் பொறித்த கல் நிறுவப்பட்டது. பாட்டு உலகை மாற்றுமா என்று அடிக்கடி கேட்கப்படுகிறது. இப்பாட்டு உலகை மாற்றவில்லை. ஆனால் ஒரு வினாவை 65 ஆண்டுகள் அணையாமல் காத்துக் கொடுத்தது. அணைந்திருந்தால் தேடுவதற்கு எவரும் எழுந்திருக்கமாட்டார்.

4. கட்டளைக்கு எழுதிய பாட்டு

இம்மரபைப் போற்றும்போது அதன் தளர்ச்சியை மறைப்பது நேர்மையாகாது. 1941 மே மாதம் ஆல்மனாக் குழு போரை எதிர்க்கும் பாட்டுகள் கொண்ட இசைத்தட்டுத் தொகுதி ஒன்றை வெளியிட்டது. ஐரோப்பியப் போரில் அமெரிக்கா தலையிடலாகாது என்பது அன்றைய கம்யூனிஸ்டுக் கட்சியின் நிலை. ஜூன் 22 அன்று ஹிட்லரின் படைகள் சோவியத் நாட்டின்மேல் பாய்ந்தன. கட்சியின் நிலை மாறியது. சில வாரங்களே ஆன இசைத்தட்டுகள் விற்பனையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டன. அடுத்த ஆண்டே அதே குழு போரை ஆதரிக்கும் பாட்டுகளைப் பதிந்தது.

ஹிட்லரை எதிர்த்தது சரியே என்பதில் ஐயமில்லை. இங்கே எண்ண வேண்டியது வேறு. அதே ஆண்டில் அதே குழு பதிந்த தொழிற்சங்கப் பாட்டுகள் பல்லாண்டு நின்றன. கொள்கை அறிக்கையைப் பார்த்து எழுதிய பாட்டுகள் அறிக்கை மாறிய அன்றே விழுந்தன. எல்லா மே விக்கின்ஸின் பாட்டைத் திரும்பப் பெற எந்தத் தலைமையாலும் இயலாது. ஏனெனில் அது எந்தத் தலைமையிடமிருந்தும் வரவில்லை. இயக்கத்தில் நிற்பது வேறு, இயக்கத்தின் சுற்றறிக்கைக்கு எதுகை கட்டுவது வேறு. இவ்வேறுபாடு தமிழ்க் கவியரங்கங்களுக்கும் அயலானதன்று.

5. பல கைகள் கட்டிய பாட்டு

ஒருவர் எழுதிப் பலர் மாற்றிய பாட்டுகளைக் கண்டோம். பலர் சேர்ந்தே கட்டிய பாட்டுக்கு உலகறிந்த சான்று ‘வீ ஷல் ஓவர்கம்’. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிலடெல்பியாவின் கறுப்பினப் போதகர் சார்லஸ் ஆல்பர்ட் டிண்ட்லி இயற்றிய ஞானப்பாட்டொன்றும், கறுப்பினத் தேவாலயங்களில் வழங்கிய பழம் பாட்டொன்றும் அதன் முன்னோர். 1945 அக்டோபரில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரச் சுருட்டாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். குளிரிலும் மழையிலும் மறியல் நின்ற அவர்களுள் லூசில் சிம்மன்ஸ் என்பார், அன்றைய மறியல் முடியும் நேரத்தில் இந்தப் பாட்டை மிக மெதுவாக இழுத்துப் பாடுவார். ‘நான்’ என்றிருந்த இடத்தில் ‘நாம்’ என்ற சொல் வந்தது அங்கேதான்.

ஒரே ஒரு சொல்தான் மாறியது. தன் ஆன்மா கரையேறும் என்று தனியொருவர் கொண்ட நம்பிக்கை, உடனிருப்போர் அனைவரையும் உள்ளடக்கிய உறுதியாக மாறிவிட்டது. மெட்டு மாறவில்லை, பக்தியின் வெப்பம் குறையவில்லை. வினையின் எழுவாய் மட்டும் மாறியது. இதற்குமேல் ஒரு கவிஞனுக்குச் சொல்லாட்சிப் பாடம் வேண்டியதில்லை.

அத்தொழிலாளர்கள் டென்னசி மலைப்பகுதியிலிருந்த ஹைலாண்டர் நாட்டுப்புறப் பள்ளிக்கு இப்பாட்டைக் கொண்டு சென்றார்கள். 1932-இல் மைல்ஸ் ஹார்ட்டன் முதலியோர் தொடங்கிய அப்பள்ளி, வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேசையில் அமர்ந்து கற்ற இடம். அங்கே இசைப் பொறுப்பிலிருந்த ஸில்பியா ஹார்ட்டன் பாட்டைக் கற்று 1947-இல் பீட் சீகருக்குக் கற்பித்தார். ‘வில்’ என்ற துணைவினை ‘ஷல்’ என்று மாறியது அதன்பின். மாற்றியவர் தாமா, ஆசிரியை செப்டிமா கிளார்க்கா என்பது சீகருக்கே பிற்காலத்தில் உறுதியாக நினைவில்லை. மாற்றத்தின் காரணத்தை மட்டும் அவர் தெளிவாகக் கூறினார்: புதிய சொல்லில் வாய் நன்கு திறக்கிறது, கூட்டமாகப் பாட எளிது. கண்ணுக்கு எழுதுபவன் இக்காரணத்தைக் கருதியே பார்க்கமாட்டான்.

1959 ஜூலை 31 இரவு மாநிலக் காவலர் அப்பள்ளியில் புகுந்து சோதனையிட்டனர். இருளில் உட்கார வைக்கப்பட்ட மாணவர்கள் இப்பாட்டைப் பாடினார்கள். அவர்களுள் ஜமிலா ஜோன்ஸ் என்ற பதினான்கு வயதுச் சிறுமி, அச்சமில்லை என்னும் பொருளில் ஒரு கண்ணியைப் புதிதாக எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் தொடர்ந்தனர். பாட்டு எழுதும் மேசை அங்கில்லை, விளக்கில்லை, தாளில்லை. அன்றிலிருந்து அக்கண்ணி பாட்டின் நிலையான உறுப்பாயிற்று. 1960 ஏப்ரலில் ராலே நகரில் மாணவர் இயக்கம் தோன்றிய கூட்டத்தில் கை கரவன் இப்பாட்டைப் பாட, தென் மாநிலம் எங்கும் அது பரவியது. 1961-இல் ஜார்ஜியாவின் ஆல்பனி நகர ஊர்வலத்துக்குப்பின் தேவாலயத்தில் பாட எழுந்த பெர்னிஸ் ஜான்சன் ரீகன் என்னும் மாணவி, பழைய பக்திப்பாட்டொன்றில் ‘துன்பம்’ என்றிருந்த சொல்லை எடுத்து ‘விடுதலை’ என்று வைத்துப் பாடியதும் இதே மரபில் சேரும். 1965 மார்ச் 15 அன்று குடியரசுத் தலைவர் ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தை வேண்டி ஆற்றிய உரையில் அச்சுருட்டாலைப் பெண்களின் பாட்டுத் தொடரையே எடுத்தாண்டார். கிரிஜா குமார் மாதுரின் இந்தி வடிவத்தின் வழியே இந்தியப் பள்ளிக் குழந்தைகளும் இன்றுவரை அதைப் பாடுகின்றனர்.

இந்த வரலாற்றில் ஒரு முள்ளும் இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் இப்பாட்டுக்குப் பதிப்புரிமை பதிவாயிற்று. ஸில்பியா ஹார்ட்டன், ஃபிராங்க் ஹாமில்டன், கை கரவன், பீட் சீகர் ஆகிய நால்வர் பெயர்களும் அதில் இடம்பெற்றன. வணிகர் கையில் பாட்டு சிக்காமல் காப்பதே நோக்கம் என்றனர். வருவாயை ஒரு நிதியாக்கி ஹைலாண்டர் வழியே தென் மாநிலக் கறுப்பின மக்களின் பணிக்கு அளித்தனர். ஒரு காசும் அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. ஆயினும் அந்த நால்வரும் வெள்ளையர். லூசில் சிம்மன்ஸின் பெயர் அதில் இல்லை. 2017-இல் நியூயார்க் நீதிமன்றம் முதற்கண்ணிக்கு உரிமை கோர இயலாது என்று தீர்ப்பளித்தது. 2018 ஜனவரியில் ஏற்பட்ட உடன்பாட்டால் பாட்டு பொதுச்சொத்தாயிற்று. காப்பதற்காகப் போட்ட வேலிகூடக் கட்டியவர்களை வெளியே நிறுத்திவிடக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

6. பாட்டுக்குக் கொடுத்த விலை

1955 ஆகஸ்டு 18 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு பீட் சீகரை அழைத்து, யார் யார் கூட்டங்களில் பாடினீர் என்று கேட்டது. தன்னையே குற்றவாளி ஆக்கிக்கொள்ளாதிருக்கும் உரிமையைச் சொல்லி அவர் தப்பியிருக்கலாம். பலரும் அவ்வாறே தப்பினர். அவரோ அத்தகைய வினாவைக் கேட்கவே எவருக்கும் உரிமையில்லை என்று மறுத்தார். வேண்டுமானால் அப்பாட்டுகளைப் பாடிக் காட்டுவதாகச் சொன்னார். குழு கேட்க விரும்பவில்லை. 1961-இல் நாடாளுமன்ற அவமதிப்புக்காக ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 1962-இல் மேல்முறையீட்டில் அது நீங்கியது. பெருந்தொலைக்காட்சிகளோ பல்லாண்டுகள் அவரைச் சேர்க்கவில்லை. 1967-இல் ஒரு நிகழ்ச்சியில் வியட்நாம் போரைக் குறிப்பால் சாடும் பாட்டை அவர் பாடியபோது, ஒளிபரப்பில் அது வெட்டப்பட்டது. எதிர்ப்பு எழவே மறு ஆண்டு பிப்ரவரியில் அதே நிகழ்ச்சியில் அதே பாட்டு ஒலித்தது.

பெருமேடைகள் மூடப்பட்ட ஆண்டுகளில் சீகர் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் கோடை முகாம்களிலும் பாடினார். பாடினார் என்பதைவிடப் பாட வைத்தார் என்பதே பொருந்தும். அவையோர் வாய் திறவாத நிகழ்ச்சியை அவர் நிகழ்ச்சியாகவே கருதவில்லை. தடை செய்தவர்கள் அறியாமலே அவரை அடுத்த தலைமுறையின் நடுவே கொண்டுபோய் விட்டார்கள். அவருடைய ‘மலர்களெல்லாம் எங்கே’ என்னும் பாட்டு 1955-இல் பிறந்தது; ஷோலக்கோவின் டான் நதி நாவலில் வரும் கோசாக்குத் தாலாட்டின் சில அடிகள் அதற்கு வித்து. சீகர் எழுதிய மூன்று கண்ணிகளோடு ஜோ ஹிக்கர்சன் என்னும் இளைஞர் மேலும் சிலவற்றைச் சேர்த்து, தொடங்கிய இடத்திலேயே பாட்டு வந்து முடியுமாறு வட்டமாக்கினார். அதைச் சீகர் மனமுவந்து ஏற்றதோடு வருவாயிலும் அவருக்குப் பங்கு கொடுத்தார்.

7. கவிஞர்முன் நிற்கும் வினா

இச்சான்றுகளை ஒருங்கு வைத்து நோக்கினால், தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை புலனாகிறது. கவியரங்கக் கவிதை கேட்கப்படுவதற்காக எழுதப்படுகிறது. எதிர்ப்புப் பாட்டு பிறர் பாடுவதற்காக எழுதப்படுகிறது. முன்னதில் ஒவ்வொரு சொல்லும் ஆசிரியனின் உடைமை. ஒன்றை மாற்றினாலும் அது சிதைவு. பின்னதில் மாற்றமே உயிர். இருளில் ஒரு சிறுமி சேர்த்த கண்ணியைத் தாங்க இயலாத பாட்டு, அந்த இருளில் எவருக்கும் துணையாகியிருக்காது.

ஆதலால் இத்தகைய பாட்டை எழுத விரும்பும் கவிஞன் முதலில் விட வேண்டியது தன் கையெழுத்தை. கவிஞனுக்கு இது சிறு இழப்பன்று. சொல்லின் தனித்தன்மைக்காக வாழ்நாளெல்லாம் உழைத்தவனிடம், அனைவரும் அறிந்த மெட்டில் அனைவரும் அறிந்த சொல்லை வை, பிறகு விலகி நில் என்று கேட்பது கொடுமையே. அக்கொடுமைக்கு உடன்படாமல் தன் கவிதையைத் தன் கவிதையாகவே எழுதுவதும் ஒரு நேர்மையான வழி. எதிர்ப்புப் பாடகராகக் கொண்டாடப்பட்ட பாப் டிலன், 1965 ஜூலையில் நியூபோர்ட் விழாவில் மின்கிதாரோடு தோன்றி, இயக்கம் எதிர்பார்த்த பாதையிலிருந்து தம்மை விடுவித்துக்கொண்டதை அவ்வாறே கொள்ளலாம். நேர்மையற்றது ஒன்றே: மேடைக் கவிதையை எழுதிவிட்டு, மக்கள் அதைப் பாடவில்லையே என்று மக்களைக் குறை கூறுவது.

எழுதுபவன் பெயர் மறையலாம். மறைவது பாட்டுக்கு நலமாகவும் அமையலாம். பாட்டில் வாழ்வோர் பெயர் மறையலாகாது. 28 கூலிகளின் பெயர்களும் லூசில் சிம்மன்ஸின் பெயரும் சொல்லும் பாடம் அதுவே. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளும்போதுதான், பொதுச்சொத்து என்ற பெயரில் உழைத்தவர் பெயர் அழிகிறது. மக்கள் கவிஞர் என்ற பட்டத்தில் கவிஞர் பெயர் மட்டும் நிற்கிறது.

பத்தாண்டுகள் கூடிக் கவிதை வாசித்த ஒரு வட்டத்துக்கு வாசல் தாண்டியும் ஒரு வேலை உண்டு. நடவு வயலிலும் சுமை தூக்கும் இடத்திலும் இன்றும் மெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் சொல் வைக்கும் பெண்களும் ஆண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுவதற்குமுன், அவர்கள் ஏற்கெனவே பாடிக்கொண்டிருப்பதைக் கேட்பதும், கேட்டதை அவர்கள் பெயரோடு பதிவதும் செய்யத்தக்கன. சுருட்டாலைப் பெண்களிடம் பாட்டைக் கற்றுக்கொண்ட ஸில்பியா ஹார்ட்டன் முதலில் செய்தது எழுதுவதன்று, அமர்ந்து கேட்டது.